நிப்பிள் லைன்ல கொழகொழன்னு வருது, என்ன பண்றதுங்க?

வணக்கம்ங்க. பல்லடம் பக்கம் பிராய்லர் ஷெட், 4000 கோழி, இன்னிக்கு 19ஆவது நாள். கோழி கொத்திக் குடிக்கற நிப்பிள் வச்ச தண்ணி பைப்தான் லைன், அதோட கடைசி மூடியக் கழட்டுனா சளி மாதிரி பழுப்பா விழுது, பாதி நிப்பிள் ஒழுகி அடில விரிச்ச தேங்கா மஞ்சி நனைஞ்சு கெடக்கு, மீதி நிப்பிள்ல தண்ணியே இல்ல. கழிச்சலும் லேசா ஆரம்பிச்சிருச்சு. போர் தண்ணிதான், தெனமும் பிளீச்சிங் பவுடர் போடறேன், அப்புறமும் ஏன்?

பதில் 1
டேங்க் கழுவுங்க ப்ரோ, சரியாயிரும்.

பதில் 2
டேங்க் கழுவுனா டேங்க்தான் சுத்தமாகும், பைப்புக்குள்ள ஒட்டுனது அப்படியேதான் இருக்கும். முதல் வாரம் வெல்லத்தண்ணி, வைட்டமின் விட்டுட்டு லைன அலசாம விட்டிருப்பீங்க, அந்த இனிப்புலதான் இந்தக் கிருமிச் சளி வளருது. நம்மூர் போர் உப்புத்தண்ணி, பிஎச் (அமில-கார அளவு) 8க்கு மேல போனா குளோரின் போட்டும் முக்கால்வாசி வேலை செய்யாது. பவுடர நேரா கொட்டாதீங்க, ராத்திரி பக்கெட்ல கரைச்சு வச்சு காலைல மேல்தெளிவ மட்டும் ஊத்துங்க, சுண்ணாம்பு போச்சுன்னா நிப்பிள் ஊசில உக்காந்துக்கும். குளோரின் டெஸ்ட் கிட் வாங்கி கடைசி நிப்பிள்ல பாருங்க, 3 பிபிஎம் (லிட்டருக்கு 3 மில்லிகிராம்) காட்டணும். டேங்க்ல பாத்து பிரயோஜனம் இல்ல.

கோழி உள்ள இருக்கறப்ப ஸ்ட்ராங் மருந்து வேண்டாம், ஒரேடியா பேத்துட்டு வந்து எல்லா நிப்பிளும் அடைச்சுக்கும். இப்போதைக்கு தெனமும் மத்தியானம் ரெகுலேட்டர ஃப்ளஷ்ல வச்சு தெளிவா வர்ற வரைக்கும் விடுங்க, சூடான தண்ணியும் வெளிய போயிரும். இந்த பேட்ச் கோழிய வித்து வண்டி ஏத்துனப்பறம் 100 லிட்டருக்கு 2 லிட்டர் ஹைட்ரஜன் பெராக்சைடு, பண்ணைக்குன்னு விக்கற 35 சதவீதம், லைன்ல நிரப்பி ராத்திரி பூரா விட்டு அலசுங்க. கை உறை கட்டாயம், எனக்கு விரல் வெள்ளையா வெந்து போச்சு ஒருக்கா. உப்புப் படிவுக்கு சிட்ரிக் ஆசிட், ஆனா அது தனி நாள். பிளீச்சிங்கோட மட்டும் சேத்துராதீங்க, விஷவாயு வரும்.

பதில் 3
லசோட்டா (வெள்ளைக்கழிச்சலுக்கான உயிர் தடுப்பு மருந்து) தண்ணில குடுக்கறதா இருந்தா ரெண்டு நாள் முன்னாடியே குளோரின நிறுத்திருங்க, இல்லன்னா மருந்து செத்துரும். லிட்டருக்கு 2.5 கிராம் கொழுப்பில்லாத பால் பவுடர் கலந்துட்டு அப்புறம் மருந்து போடுங்க. முடிச்சதும் லைன அலசணும், பாலும் சோறுதான் அந்தச் சளிக்கு.

கேட்டவர்
வெல்லம் விட்டது நெசம்தாங்க, அஞ்சு நாள். இப்ப ஃப்ளஷ் பண்ணேன், ரெண்டாவது லைன்ல சின்னதா ரப்பர் மாதிரி துண்டு துண்டா வந்துச்சு. ஒழுகற நிப்பிள் பதினொண்ணு, கழட்டி ஊதுனதுல எட்டு நின்னுருச்சு. மூணு மாத்தணும்.