கலங்கல் தண்ணீரும் கழுத்தில் கட்டிய ரெகுலேட்டரும்

போன மார்ச்சில் ஸ்கூபா டைவிங்குக்காகச் சென்னை நீலாங்கரையிலிருந்து படகில் போனோம். நான், என்னோடு வேலை பார்க்கும் நண்பர், கூட ஒரு டைவ் மாஸ்டர். தண்ணீரில் குதிக்கும் முன்பே படகுக்கார அண்ணன், "இன்னிக்கு வெள்ளம் ஜாஸ்தி சார், கீழ கலங்கலாத்தான் இருக்கும்" என்றார். மீனவர்கள் வெள்ளம் என்பது நீரோட்டத்தை. 14 மீட்டரில் கையை நீட்டினால் விரல் நுனி மங்கலாகத் தெரிந்தது, அவ்வளவுதான். அந்தமான் போட்டோ பார்த்துவிட்டு நம்ம ஊர்க் கடலில் இறங்குபவர்கள் தயாராகத்தான் வர வேண்டும்.

நண்பருக்குப் பதற்றம். அந்த ஆழத்தில் ஒவ்வொரு மூச்சுக்கும் மேலே இழுப்பதைப் போல 2.4 மடங்கு காற்று போகும், அவரோ ஓடி வந்தவர் மாதிரி இழுத்துக்கொண்டிருந்தார், காற்று எவ்வளவு மிச்சம் என்று காட்டும் கேஜைப் பார்க்கவேயில்லை. திடீரென்று என் தோளைப் பிடித்தார். சைகை கிய்கை ஒன்றும் இல்லை, என் வாயிலிருந்த ரெகுலேட்டரை, அதாவது சிலிண்டர் காற்றை மூச்சுக்குத் தரும் கருவியை, அப்படியே பிடுங்கித் தன் வாயில் வைத்துக்கொண்டார். அவசரத்துக்கென்று மார்பில் மாட்டியிருக்கும் இரண்டாவது ரெகுலேட்டரை, அந்த மஞ்சள் ஆக்டோபஸைத்தான் எடுக்க வேண்டும் என்று வகுப்பில் படித்தவர்தான். மூச்சு முட்டும்போது மஞ்சளாவது பச்சையாவது, குமிழி வரும் இடம் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும் போல.

சரி, ஆக்டோபஸை நானே எடுத்துக்கொள்ளலாம் என்று மார்பில் தடவினால் கிளிப் மட்டும்தான் இருக்கிறது. எப்போது கழன்றதோ தெரியவில்லை. வலது பக்கம் கையை வீசினேன், இரண்டாவது வீச்சில் சிலிண்டருக்குப் பின்னால் ஹோஸ் தட்டுப்பட்டது. அதுவரை தரையில் உரசிக்கொண்டே வந்திருக்கிறது. உள்ளே புகுந்த தண்ணீரைத் தள்ளும் பர்ஜ் பட்டனை அழுத்தியும் முதல் மூச்சில் பாதி உப்புத் தண்ணீர், பல்லில் மணல் நறநறவென்றது. பத்து விநாடிகூட ஆகியிருக்காது. ஆனால் அன்று ராத்திரி சாப்பிடும்போது கை நடுங்கியது.

அப்புறம்தான் கழுத்து வளையத்துக்கு மாறினேன். ஃபுளோரிடா குகை டைவர்களின் பழக்கம் இது. வாயில் இருக்கும் ரெகுலேட்டர்தான் அடுத்தவருக்கு, அதற்கு நீள ஹோஸ். நமக்கான பேக்கப் கழுத்தில் மாட்டிய வளையத்தில் தாடைக்குக் கீழே, குட்டை ஹோஸில். அவர்கள் 7 அடி ஹோஸ் போடுவார்கள், நமக்கு அக்குளுக்கு அடியில் வரும் 40 அங்குலம் போதும். பாரிமுனையில் 5 மில்லிமீட்டர் எலாஸ்டிக் கயிறு வாங்கினேன், பைக்கில் லக்கேஜ் கட்டுவோமே, அதன் மெல்லிசு வகை. இரண்டு முனையிலும் சுருக்குப் போட்டு மவுத்பீஸின் கழுத்தில் மாட்டி இறுக்கினேன். முதல் தடவை குட்டையாகிவிட்டது, தலையைத் திருப்பினாலே தொண்டையை அழுத்தியது. அடுத்தது தொளதொளவென்று மார்பு வரை தொங்கியது. மூன்றாவதுதான் சரி. கையே படாமல் தலையைக் குனிந்து உதட்டால் கவ்வ வருகிறதா என்று கண்ணாடி முன்னால் நின்று பார்த்துக்கொண்டேன், வீட்டில் ஒரே சிரிப்பு. இன்னொரு லாபம், அதில் காற்று கசிந்தால் தாடைக்கடியில் உடனே தெரிந்துவிடும்.

கூட வருபவரிடம் படகிலேயே, "காற்று தீர்ந்தால் என் வாயில் இருப்பதை எடு" என்று சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அவர் மஞ்சளைத் தேடிக்கொண்டிருப்பார்.

*

உங்களுக்குக் கடலில் என்றால், எனக்கு நீச்சல் குளத்திலேயே பாடம் கிடைத்தது. நீள ஹோஸை முதலில் கழுத்தைச் சுற்றிப் போட்டுவிட்டு அதன்மேல் வளையத்தை மாட்டிக்கொண்டேன். பயிற்சிக்காகக் கொடுக்கப் போனால் ஹோஸ் வளையத்துக்கு அடியில் சிக்கி வரவேயில்லை, கூட இருந்தவர் என் கழுத்தையும் சேர்த்து இழுத்தார். முதலில் வளையம், பிறகுதான் நீள ஹோஸ்.

*

அண்ணா, வாடகை செட்டில் போகிறவர்கள் இதைச் செய்யலாமா?

*

தம்பி, ரெடிமேட் சிலிகான் வளையம் கிடைக்கிறது, பாக்கெட்டில் கொண்டுபோய் மவுத்பீஸில் மாட்டிக்கொள்ளலாம். ஆனால் வாடகை ஆக்டோபஸின் ஹோஸ் நீளம், தோள் பக்கம் காது மாதிரி புடைத்து நிற்கும். வாயில் இருப்பதோ குட்டை ஹோஸ், அதை இன்னொருவருக்குக் கொடுத்தால் இரண்டு பேரும் முகத்தோடு முகம் ஒட்டித்தான் மேலே வர வேண்டும். நானாக இருந்தால் வாடகை செட்டில் கிளிப்பையே வைத்துக்கொண்டு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.