புதுப்பிப்பு: தாழ்த்திய ஸ்விஃப்ட் காரின் முன்பக்கச் சத்தம் பிடிபட்டது

போன மாதம் கேட்டிருந்தேன்: குட்டை ஸ்பிரிங் போட்டு வண்டியை 35 மி.மீ. இறக்கியதிலிருந்து ஸ்பீடு பிரேக்கரில் ‘டொக்’, நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் ‘டொய்ங்’. ஷாக் அப்சார்பர் போயிருக்கும் என்றுதான் பலரும் சொன்னீர்கள். ஷாக் நன்றாகவே இருக்கிறது. இரண்டு சத்தமும் தனித்தனிக் கோளாறு.

வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு மெக்கானிக் அண்ணன் பார்த்தார். என்னை ஸ்டீயரிங்கைத் திருப்பச் சொல்லிவிட்டு, கையை உள்ளே விட்டு ஸ்பிரிங்கின் மேல் வைத்தார். “தம்பி, முறுக்கிக்கிட்டுத் துள்ளுது, நீங்களே தொட்டுப் பாருங்க” என்றார். இடம் மாறிக்கொண்டோம். சுருள் மெல்ல முறுகி, சட்டென்று விடுபடுவது உள்ளங்கையில் தெரிந்தது. ஸ்ட்ரட் மவுன்ட் பேரிங் (ஸ்டீயரிங்கோடு ஸ்பிரிங்கும் சேர்ந்து சுழல மேல்முனையில் இருப்பது) இறுகிக் கிடந்திருக்கிறது. இரண்டு பக்கமும் மாற்றியதும் ‘டொய்ங்’ நின்றது.

‘டொக்’தான் படுத்தியது. இரண்டு பக்க ஸ்டெபிலைசர் லிங்க்கையும் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியோடு இணையும் சிறு தண்டு) கழற்றிவிட்டு, பாகாயம் வரை மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். சத்தமே இல்லை! வண்டி தாழ்ந்தால் லிங்க்கின் கோணம் மாறும். அதன் முனையில் தேய்ந்த பால் ஜாயின்ட் (குண்டு மூட்டு) அப்போதுதான் வாய் திறக்கும். புதுசு போட்டாச்சு.

இன்னொன்று, ஸ்பிரிங் மாற்றுகிறவர்கள் தயவுசெய்து கவனியுங்கள். என் வண்டியில் லோயர் ஆர்மின் (சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் வண்டியோடு இணைக்கும் கை) ரப்பர் புஷ் போல்ட்டைச் சக்கரம் தொங்கும்போதே இறுக்கியிருந்தார்கள். அப்படிச் செய்தால் ரப்பர் எந்நேரமும் முறுகியே நின்று சீக்கிரம் கிழியும். தளர்த்தி, வண்டி தன் எடையில் நிற்கும்போது டார்க் ரெஞ்ச்சால் (குறித்த அளவுக்கு இறுக்க உதவும் ஸ்பானர்) இறுக்கினோம். அப்புறம் வீல் அலைன்மென்ட்.

நேற்று காட்பாடி போய் வந்தேன். பாலாற்றுப் பாலத்து இணைப்புகளில்கூட டயர் சத்தம் மட்டும்தான்.