சாயவேர் போடறோம்: ஒரே ரகமா, கலந்த விதையா?

பாலாற்றுக்கரை: வாலாஜாபேட்டை பக்கம் நாங்க சிலபேர் சேர்ந்து சாயவேர் (துணிக்குச் சிவப்புச் சாயம் எடுக்கிற வேர், வைத்தியர்கள் சொல்ற இம்பூரல்தான்) போடலாம்னு இருக்கோம். என் யோசனை: நல்ல சிவப்பு கொடுக்கிற ஒரு செடியைப் பிடிச்சு, திசு வளர்ப்புல (ஆய்வுக்கூடத்துல செடியோட துணுக்கிலிருந்தே அச்சு அசலா நாற்று எடுக்கிறது) பெருக்கி எல்லாருக்கும் பிரிச்சுக்கலாம். ஒவ்வொரு மூட்டையும் ஒவ்வொரு நிறம்னா எவன் வாங்குவான்?

வேர்தேடி: வேணாம் சார். இதுல ரெண்டு விதமா பூ பூக்கும். ஒரு செடியில சூல்தண்டு நீளம், மகரந்தத்தாள் குட்டை. இன்னொரு செடியில அப்படியே தலைகீழ். இந்த மாதிரி செடிகள்ல பொதுவா ஒருவகைப் பூவோட மகரந்தம் மத்த வகைக்குப் போனாதான் விதை ஒழுங்கா பிடிக்கும். ஒரே செடியைப் பெருக்கினா வயல் பூரா ஒரே வகைப் பூ. அப்புறம் விதைக்கு எங்கே போவீங்க? அறுவடைன்னா வேரோட பிடுங்கறது, கரும்பு மாதிரி மறுதாம்பும் விட முடியாது.

பாலாற்றுக்கரை: விதை எதுக்கு தம்பி? நாற்றை ஆய்வுக்கூடத்துல வாங்கிட்டுப் போறோம்.

வேர்தேடி: வேர் முத்தவே ரெண்டு வருஷம். ஒவ்வொரு நடவுக்கும் காசா? ஒரு அழுகல் நோய் வந்தா எல்லார் வயலும் ஒண்ணா போகும். இன்னொண்ணு, அந்த ‘நல்ல செடி’ நல்லதுன்னு எப்படித் தெரிஞ்சுது? தானா முளைச்ச வேருக்குத்தான் அந்தக் காலத்துல மதிப்பு அதிகம். அது செடியோட குணமா, மணலோட குணமா? பல இடத்து விதையை ஒரே வயல்ல போட்டுப் பார்க்காம சொல்ல முடியாது. அதுவும் சீக்கிரம் செய்யணும். பாலாத்து மணலைத்தான் லாரியில ஏத்திட்டாங்களே, செடி எங்கே மிச்சம் இருக்கும்!

குடியாத்தம் தறி: ரெண்டு பேரும் வேரையே பேசறீங்க. கடுக்காய், படிகாரம், தண்ணி மூணும் சேர்ந்துதான் சிவப்பு. தண்ணியில இரும்பு இருந்தா நிறம் கருக்கும், சுண்ணாம்புச் சத்து இருந்தா எடுப்பா வரும். ராணிப்பேட்டை, வாணியம்பாடி பக்கத்துக் கிணறுகள்ல தோல் கழிவு செஞ்ச வேலை தெரிஞ்சதுதானே? உங்க ஒரே ரக வேரை ரெண்டு கிணத்துத் தண்ணியில காய்ச்சினா ரெண்டு நிறம்தான். வேர்ல சிவப்பு கொடுக்கிற பொருள் அலிசரின், அதை 1868லயே ஜெர்மனிக்காரங்க ரசாயனமா செஞ்சுட்டாங்க. விலையில அதோட மோத முடியாது.

பாலாற்றுக்கரை: அண்ணே, விலையில மோதலை. இயற்கைச் சாயம்னு கேட்டு வர்றவங்களுக்குத்தான். அவங்களும் நிறம் மாறினா சரக்கைத் திருப்பிடறாங்க.

வேர்தேடி: அப்ப வேரைக் கலந்து அரைங்க சார். நாலு வயல் வேரையும் ஒண்ணா இடிச்சா மூட்டைக்கு மூட்டை பெருசா மாறாது. விதையில கலப்பு, தூள்ல ஒற்றுமை. ஒவ்வொரு வயல்லயும் ரெண்டு பூவும் இருக்கிற மாதிரி சில வரிசையைப் பிடுங்காம விட்டுடுங்க. விதை தூசு மாதிரி இருக்கும், காய் வெடிக்கறதுக்கு முன்னாடி எடுத்துடணும்.

பாலாற்றுக்கரை: இடிச்சுக் கலக்கற யோசனை சரி. ஆனா ஒரு வயலையாவது ஒரே ரகமா போட்டுப் பார்க்கத்தான் போறேன்.

குடியாத்தம் தறி: போடுங்க. ஆனா பிடுங்காம விடற வரிசை யார் நிலத்துல, அந்த நஷ்டத்தை யார் பங்கு போட்டுக்கறதுன்னு முதல்ல எழுதி வெச்சுக்கோங்கப்பா.