கிரியோன், ஈடிபஸ்... மூன்றாவது மன்னராக யாரை வைப்பது?

வணக்கம். கிரேக்கத் துன்பியல் நாடக மன்னர்களின் தலைமைப் பண்பை ஒப்பிடும் கட்டுரைக்கு உங்கள் யோசனை தேவை. அளவுகோல்கள்: யாரிடம் கருத்துக் கேட்கிறார், எதிர்ப்பேச்சை எப்படித் தாங்குகிறார், தவறு தெரிந்தபின் என்ன செய்கிறார்.

சோபோக்ளிஸின் 'ஆன்டிகனி'யில், துரோகியின் பிணத்தை அடக்கக் கூடாதென ஆணையிட்டு, அதை மீறிய அவன் சகோதரி ஆன்டிகனியைக் குகையில் அடைக்கும் தீப்ஸ் நகர மன்னர் கிரியோன் மூன்றிலுமே சறுக்குகிறார். அச்சத்தால் வாயைப் பூட்டிக்கொள்ளும் ஆட்சியாளனே மிக மோசமானவன் என்று முதல் உரையில் முழங்கியவர், மகன் ஹேமோன் ஊராரின் முணுமுணுப்பைச் சொன்னதும் சீறுகிறார். குருட்டுத் தீர்க்கதரிசி டைரீசியஸ் எச்சரித்தபின் மனம் மாறினாலும் வரிசை தவறுகிறது. முதலில் ஆன்டிகனியை விடுவி, பிறகு பிணத்தை அடக்கு என்கிறது கோரஸ் (ஊர்ப் பெரியவர்களாக வரும் பாடற்குழு). அவரோ அடக்கத்தை முதலில் முடிக்கிறார். குகைக்குப் போனால் அவள் தூக்கில். திருந்தியும் பயனில்லாத இந்தத் தாமதத்துக்கு எவ்வளவு எடை தரலாம்?

'ஈடிபஸ் மன்னன்' நாடகத்தின் ஈடிபஸ் சிக்கலில்லை: டெல்ஃபி கோயிலின் தெய்வவாக்கை எல்லார் முன்னும் சொல்லச் செய்கிறார், கிரியோன் மீது ஆதாரமின்றிச் சதிப் பழி சுமத்துகிறார், ஆனாலும் முந்தைய மன்னரின் கொலை விசாரணையை நிறுத்துவதில்லை.

குழப்பம் மூன்றாமவரில்தான். எஸ்கைலஸின் 'தஞ்சம் கோருவோர்' நாடகத்தில் ஆர்கோஸ் மன்னர் பெலாஸ்கஸ் தஞ்சம் தருவதா என்பதை மக்கள் அவையின் வாக்கெடுப்புக்கு விடுகிறார். ஆனால் தஞ்சம் கேட்ட பெண்கள் தெய்வச் சிலைகளிலேயே தூக்கிட்டுக்கொள்வோம் என்று மிரட்டிய பிறகுதான். 'கொலோனஸில் ஈடிபஸ்' நாடகத்தின் ஏதென்ஸ் மன்னர் தீசியஸ் யாரையும் கேட்காமலே ஈடிபஸுக்கு அடைக்கலம் தருகிறார், நல்ல மன்னராகவும் நிற்கிறார். அப்படியானால் முதல் அளவுகோலே தவறா?

இன்னொன்று: சோபோக்ளிஸின் மூன்று தீப்ஸ் நாடகங்களும் ஒரே முத்தொடராக எழுதப்பட்டவை அல்ல. எனவே மூன்றிலும் வரும் கிரியோனில் 'ஆன்டிகனி' கிரியோனை மட்டும் எடுப்பதாக எண்ணம். மறுப்பு இருந்தால் காட்சியைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள்.