ஜிப்சியில் எம்பிஎஃப்ஐ இன்ஜின்: ரெகுலேட்டர் ஸ்க்ரூவைத் திருப்பினாலும் அழுத்தம் இறங்கவில்லை

கோத்தகிரி_ஜிப்சி:
வணக்கம். 1997 ஜிப்சி, கார்புரேட்டர் வண்டி. அதில் எஸ்டீம் காரின் 1.3 எம்பிஎஃப்ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர்) இன்ஜினை ஏற்றியிருக்கிறேன். ஃப்யூவல் ரயிலோடு (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பங்கிடும் குழாய்) வந்த அழுத்த ரெகுலேட்டரில் டயாஃப்ரம் கிழிந்து, வாக்குவம் ஹோஸ் வழியாகப் பெட்ரோல் கசிந்தது. அதனால் அதைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஓ-ரிங்கோடு ஒரு அடாப்டர் போட்டு, வெளியே ஃபயர்வாலில் அட்ஜஸ்ட் செய்யும் ரெகுலேட்டரும் கேஜும் மாட்டினேன். பம்ப் சேஸிஸில், டேங்குக்கு வெளியே. ரிட்டர்னுக்குப் பழைய கார்புரேட்டரின் ரிட்டர்ன் குழாயையே பயன்படுத்தினேன்.

சிக்கல் இதுதான்: ஐடிலில் (வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போது) கேஜ் 4.2 பார் காட்டுகிறது. ஸ்க்ரூவை முழுக்கத் தளர்த்தினாலும் 4-க்குக் கீழே வரவில்லை. கரும்புகை, ப்ளக்கெல்லாம் கரி. வாக்குவம் ஹோஸைப் பிடுங்கினாலும் முள் அசையவே இல்லை. ரெகுலேட்டர் போலியா?

மலைப்பாதை:
சந்தையில் போலி நிறைய வருகிறது. வேறு ஒன்று மாட்டிப் பாருங்கள். அப்புறம், ரெகுலேட்டரை ரயிலுக்கு முன்னாலேயே வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இருக்காது என்று நினைக்கிறேன்.

பீளமேடு_இன்ஜெக்‌ஷன்:
தம்பி, புதிதாக எதையும் வாங்க வேண்டாம். நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது: பழைய ரிட்டர்ன் குழாய்.

கார்புரேட்டர் வண்டியில் அந்தக் குழாய்க்குப் பெரிய வேலை கிடையாது. சொட்டுச் சொட்டாகத் திரும்பும் பெட்ரோலுக்காகப் போட்ட ஒல்லிக் குழாய் அது. இன்ஜெக்‌ஷனில் கதை தலைகீழ். மணிக்கு 120 லிட்டர் தள்ளும் பம்ப் என்றாலே நிமிடத்துக்கு 2 லிட்டர். ஐடிலில் இன்ஜின் குடிப்பது மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர்தான். மீதி முழுவதும் ரெகுலேட்டர் வழியாக டேங்குக்குத் திரும்பியாக வேண்டும். அந்த வழி குறுகலாக இருந்தால் ரெகுலேட்டர் வாயை முழுக்கத் திறந்து வைத்திருந்தாலும் அழுத்தம் பின்னால் தேங்கும். அதனால்தான் ஸ்க்ரூ எதற்கும் மசியவில்லை.

இப்படிச் சோதியுங்கள். இன்ஜினை ஓட்டாதீர்கள், ரிலேயில் ஜம்பர் போட்டு பம்பை மட்டும் ஓடவிடுங்கள். ரெகுலேட்டரின் அடியிலிருந்து வரும் ரிட்டர்னைக் கழற்றி, அகலமான ஹோஸ் ஒன்றை மாட்டி, ஒரு இரும்பு கேனுக்குள் விடுங்கள். வெட்டவெளியில், இன்ஜின் ஆறிய பிறகு, பக்கத்தில் தீயணைப்பான் வைத்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை இது. அழுத்தம் சட்டென்று இறங்கி ஸ்க்ரூவுக்குக் கட்டுப்பட்டால் குற்றவாளி ரிட்டர்ன் லைன்தான்.

இறங்காவிட்டால் துவாரங்களைப் பாருங்கள். இந்த மாதிரி ரெகுலேட்டர்களில் பொதுவாகப் பக்கவாட்டில் இரண்டு, அடியில் ஒன்று இருக்கும். பக்கவாட்டு இரண்டும் உள்ளே வருவதற்கு. ஒன்றில் ரயிலின் கடைசி முனை, இன்னொன்றில் அடைப்பு அல்லது கேஜ். அடியில் இருப்பது மட்டும்தான் டேங்குக்கு. "உள்ளே ஒரு பக்கம், வெளியே மறுபக்கம்" என்று பக்கவாட்டு இரண்டிலும் லைனை மாட்டி, அடித் துவாரத்தை அடைத்துவிட்டு வரும் வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, வாக்குவம் ஹோஸை எங்கிருந்து எடுத்தீர்கள்? பிடுங்கினால் முள் அசையவில்லை என்பது எனக்கு உறுத்துகிறது.

மலைப்பாதை சொன்னதற்கு: ரயிலுக்கு முன்னால் டீ (T வடிவ இணைப்பு) போட்டு வைத்தாலும் அழுத்தம் நிற்கும், தவறில்லை. ஆனால் ரிட்டர்ன் சரியில்லையென்றால் அங்கேயும் இதே கதைதான். ரயிலின் கடைசியில் வைத்தால் பெட்ரோல் ரயில் முழுக்க ஓடித் திரும்புகிறது; சூடும் ஆவிக் குமிழும் அதோடு டேங்குக்குப் போய்விடும். மலையேறி நிறுத்திய வண்டி சூட்டில் திரும்பக் கிளம்பத் தகராறு செய்வதற்கு இது பெரிய மருந்து. கம்பெனியே ரயிலின் முனையில்தான் வைத்திருக்கிறான், அதை மாற்றாதீர்கள்.

கோத்தகிரி_ஜிப்சி:
அண்ணா, கேனுக்குள் விட்டதும் 3 பாருக்கு இறங்கிவிட்டது! ஸ்க்ரூவும் கேட்கிறது. புதிதாக 8 மிமீ ரிட்டர்ன் லைன் இழுக்கப் போகிறேன். வாக்குவம் தாட்டில் பாடியில் கேனிஸ்டருக்கு (பெட்ரோல் ஆவியைப் பிடிக்கும் டப்பா) போகும் முனையிலிருந்து டீ போட்டு எடுத்தது.

பீளமேடு_இன்ஜெக்‌ஷன்:
நினைத்தேன். அந்த முனை தாட்டில் தகட்டுக்கு மேல்பக்கம் திறக்கிறது. ஐடிலில் அங்கே வாக்குவம் இருக்காது. ரெகுலேட்டருக்கு மேனிஃபோல்டிலிருந்தே (இன்ஜினுக்குக் காற்று போகும் குழாய்), தகட்டுக்குப் பின்னாலிருந்து, வேறு எதோடும் பங்கு போடாமல் தனி ஹோஸ் கொடுங்கள். இன்ஜெக்டரின் வாயில் மேனிஃபோல்டு உறிஞ்சுகிறது. உறிஞ்சும் அளவுக்கு ரயில் அழுத்தமும் குறைந்தால்தான் இசியு (இன்ஜினின் கம்ப்யூட்டர்) கணக்குப் போட்ட நேரத்தில் சரியான அளவு விழும்.

அளவை வைப்பது ஹோஸைக் கழற்றி, அதன் முனையை அடைத்துவிட்டு. 3 பார் வைத்து லாக் நட்டை இறுக்குங்கள். ஹோஸை மாட்டியதும் ஐடிலில் 2.4, 2.5-க்கு இறங்க வேண்டும். ஐடிலில் 4.2 பாரில் ஓடியபோது இன்ஜெக்டர் ஏறக்குறைய 25 சதவீதம் கூடுதலாக ஊற்றியிருக்கும். கரும்புகைக்கு அதுவே போதும்.

லைன் இழுக்கும்போது ரிட்டர்ன் முனையை டேங்கில் பெட்ரோல் மட்டத்துக்குக் கீழே, பம்ப் உறிஞ்சும் இடத்திலிருந்து தள்ளி விடுங்கள். பக்கத்திலேயே விட்டால் நுரையைப் பம்ப் இழுக்கும்.

ஹோஸ்_கடை:
ஒரு வார்த்தை. கார்புரேட்டர் ஹோஸை அழுத்தப் பக்கம் போடாதீர்கள். மேலே எஸ்ஏஇ 30ஆர்9 என்று அச்சிட்டிருக்கும் இன்ஜெக்‌ஷன் ஹோஸாகப் பார்த்து வாங்குங்கள். இப்போது பங்க்கில் வருவது இ20 (20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல்), எத்தனாலுக்குத் தாங்குமா என்றும் கேளுங்கள். துளை போட்ட பட்டைக் கிளாம்ப் ரப்பரை வெட்டும், ஓரம் மழுங்கியதாக எடுங்கள். டெஃப்லான் டேப் வேண்டவே வேண்டாம். அதன் பிசிறு இன்ஜெக்டருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

கோத்தகிரி_ஜிப்சி:
புது லைன், தனி வாக்குவம், எல்லாம் முடிந்தது. புகை நின்றுவிட்டது. கடைசியாக ஒரு சந்தேகம்: ஐடிலில் மேட்டுப்பாளையத்தில் 2.4 காட்டியது, ஊட்டி வந்ததும் 2.6. ஸ்க்ரூ நழுவுகிறதா?

பீளமேடு_இன்ஜெக்‌ஷன்:
இல்லை, ரெகுலேட்டர் சரியாக வேலை செய்கிறது. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேலே. காற்றழுத்தமே அங்கே குறைவு என்பதால் வெளிக்காற்றுக்கும் மேனிஃபோல்டுக்கும் உள்ள வித்தியாசம் சுருங்குகிறது, முள் கொஞ்சம் ஏறி நிற்கிறது. ஹோஸைக் கழற்றிப் பாருங்கள், அங்கேயும் 3 தான் காட்டும். ஸ்க்ரூவைத் தொடாதீர்கள்.