ஏபி ஐரோப்பிய வரலாறு: கோடை விடுமுறையில் எதிலிருந்து தொடங்குவது?

எடிசன்_அம்மா

வணக்கம். மகள் செப்டம்பரில் பத்தாம் வகுப்புக்குப் போகிறாள், நியூஜெர்சி பொதுப்பள்ளி. ஏபி யூரோ (பள்ளியிலேயே படிக்கும் கல்லூரி அளவிலான ஐரோப்பிய வரலாற்றுப் பாடம், கடைசியில் பொதுத்தேர்வு உண்டு) எடுத்திருக்கிறாள், இதுதான் அவளுக்கு முதல் ஏபி. போன வருட உலக வரலாற்றுப் பாடத்தில் ஐரோப்பா வந்தது கொஞ்சம்தான். பாடநூல் ஆயிரம் பக்கத்துக்குக் குறையாது என்கிறார்கள். விடுமுறை பத்து வாரம் இருக்கிறது.

தேர்வுக் கையேடு ஒன்றை வாங்கி முதல் பக்கத்திலிருந்து படிக்க வைக்கலாமா? ஆண்டுகளை மனப்பாடம் செய்ய வேண்டுமா? டிபிக்யூ என்ற ஆவணக் கட்டுரை பற்றி எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். அதை இப்போதே தொட வேண்டுமா, பள்ளி தொடங்கிய பிறகு போதுமா? வீட்டில் நாங்கள் இருவரும் பொறியியல் படித்தவர்கள். அவள் கேட்கும் எதற்கும் எங்களால் பதில் சொல்ல முடியவில்லை.

குடந்தையான்

சகோதரி, எதையும் வாங்கும் முன் பள்ளியின் இணையப் பக்கத்தைப் பாருங்கள். பல பள்ளிகள் ஏபி யூரோவுக்குக் கோடைக்கால வேலை கொடுக்கின்றன. சில ஆசிரியர்கள் முதல் வாரமே அதில் சோதனை வைப்பார்கள். அது இருந்தால் அதற்குத்தான் முதலிடம்.

அடுத்து, தேர்வு எப்படி இருக்கும் என்று மகளுக்குத் தெரிய வேண்டும். மொத்தம் 3 மணி 15 நிமிடம். 55 கொள்குறி வினாக்களுக்கு 55 நிமிடம், மதிப்பெண்ணில் 40 சதவீதம். சிறுவினா மூன்று, 40 நிமிடம், 20 சதவீதம். டிபிக்யூவுக்கு ஆவணங்களைப் படிக்கும் 15 நிமிடத்தையும் சேர்த்து ஒரு மணி நேரம், 25 சதவீதம். ஆவணம் இல்லாத நீள்கட்டுரைக்கு 40 நிமிடம், 15 சதவீதம். ஆக 60 சதவீதம் எழுத்து. கொள்குறி வினாக்களும் ஒரு பத்தியையோ ஓவியத்தையோ வரைபடத்தையோ கொடுத்துவிட்டு, அதை ஒட்டித்தான் வரும். 'இது நடந்த ஆண்டு எது' என்ற வகைக் கேள்வியே கிடையாது. ஆண்டுப் பட்டியலை நெட்டுருப் போடும் பிள்ளைகள் இங்கேதான் ஏமாந்து போகிறார்கள்.

பாடம் 9 அலகு, ஏறத்தாழ 1450 முதல் இன்றுவரை. கோடையில் ஒன்பதையும் தொட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஜூலையில் படித்த பனிப்போர், அது வகுப்பில் வரும் ஏப்ரலில் நினைவில் நிற்காது. செப்டம்பரில் ஆசிரியர் மறுமலர்ச்சியில் தொடங்குவார், அங்கிருந்து வேகமாக ஓடுவார். அதனால் 1450 முதல், முப்பதாண்டுப் போர் முடிந்த 1648 வரை ஆழமாகப் படிக்கட்டும். 1648 முதல் 1815 வரை ஒரு மேலோட்டமான வாசிப்பு போதும். அதோடு நிறுத்திவிடுங்கள்.

தேர்வுக் கையேட்டைக் கோடையில் தவிர்க்கலாம். அதில் முடிவுகள் இருக்கும், காரணச் சங்கிலி இருக்காது. ஒரு சங்கிலியைச் சொல்கிறேன். கத்தோலிக்கத் திருச்சபையை எதிர்த்த ஜெர்மானியச் சீர்திருத்தவாதி லூத்தரை 1521இல் வோர்ம்ஸ் நகரில் கூடிய பேரரசுச் சபையில் குற்றவாளி என்று அறிவித்த புனித ரோமானியப் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் ஏன் அவருடைய இயக்கத்தை நசுக்கவில்லை? ஸ்பெயின், நெதர்லாந்து, ஆஸ்திரியா என்று எல்லாமே அவருக்கு வாரிசுரிமையில் வந்தவை. மேற்கே பிரான்சின் முதலாம் பிரான்சிஸோடு ஓயாத போர். கிழக்கே ஒட்டோமான்கள் 1526இல் மோஹாக்ஸில் ஹங்கேரியை வீழ்த்தி, 1529இல் வியன்னாவை முற்றுகையிட்டார்கள். படையும் பணமும் வேண்டுமென்றால் ஜெர்மானிய இளவரசர்களிடம்தான் கேட்க வேண்டும், அவர்களில் பலர் லூத்தரன்கள். அதனால் தள்ளிப்போட்டார், தள்ளிப்போட்டார், கடைசியில் 1555இல் ஆக்ஸ்பர்க் உடன்பாட்டுக்கு வர வேண்டியதாயிற்று. கையேட்டில் '1555 ஆக்ஸ்பர்க்: இளவரசரின் சமயமே நாட்டின் சமயம்' என்று ஒரு வரிதான் இருக்கும். அந்த ஒரு வரியை வைத்துக் கட்டுரை எழுத முடியாது. இந்தச் சங்கிலி தெரிந்தவளுக்கு நான்கு கேள்விகளுக்கு விடை கையில் இருக்கிறது.

கையேட்டை மார்ச் மாதம் திருப்புதலுக்கு வாங்குங்கள். இப்போது பள்ளி தரும் பாடநூலை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள், அல்லது உள்ளூர் நூலகத்தில் கல்லூரி முதலாண்டு அளவிலான மேற்குலக வரலாற்று நூல் ஒன்றை எடுங்கள். பழைய பதிப்பு போதும், 1648ஐ யாரும் மாற்றப்போவதில்லை.

தேன்மொழி

குடந்தையான் அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நம் வீட்டுப் பிள்ளைகள் பலருக்கு இரண்டாம் அலகு, அதாவது சமயச் சீர்திருத்தக் காலம், மற்றவர்களைவிடக் கடினமாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. தேவாலயத்துக்குப் போய் வளர்ந்த வகுப்புத் தோழர்களுக்கு நற்கருணை, ஞானஸ்நானம், ஆயர், துறவி மடம் எல்லாம் தெரிந்த விஷயங்கள். இந்து வீட்டுப் பிள்ளைக்கு அவை வெறும் சொற்கள். பாடநூலோ அவை தெரியும் என்று எண்ணிக்கொண்டே எழுதப்பட்டிருக்கும்.

அதனால் முதல் வாரம் லூத்தரைத் திறக்க வேண்டாம். 1500இல் கத்தோலிக்கத் திருச்சபை எப்படி இயங்கியது என்று மட்டும் இரண்டு பக்கம் அவளே எழுதட்டும். போப்பிலிருந்து ஊர்ப் பாதிரியார் வரை யார் யாருக்குக் கீழ்? ஏழு அருட்சாதனங்கள் என்னென்ன, மீட்புக்கு அவை ஏன் வேண்டும்? உத்தரிக்கிற ஸ்தலம் என்றால் என்ன, பாவமன்னிப்புச் சீட்டு அதை எப்படிக் குறைப்பதாகச் சொன்னது? திருச்சபைக்கு நிலமும் வரியும் எங்கிருந்து வந்தன? இது புரிந்தால் 1517இல் லூத்தர் எழுப்பியது பணத்தகராறு மட்டுமல்ல என்பது தானாகவே விளங்கும். விசுவாசத்தால் மட்டுமே மீட்பு என்றால் அந்த அமைப்பு முழுவதற்குமே வேலை இல்லை. அவர் ஏழு அருட்சாதனங்களில் ஞானஸ்நானம், நற்கருணை என்ற இரண்டை மட்டும் நிறுத்திக்கொண்டதற்கும் அதுதான் காரணம். பிறகு மற்றச் சீர்திருத்தவாதிகளான கால்வின், அனபாப்டிஸ்டுகள், இங்கிலாந்தின் அரசர் எட்டாம் ஹென்றி, 1545 முதல் 1563 வரை நடந்த கத்தோலிக்கர்களின் டிரெண்ட் பொதுச்சங்கம் என்று வரிசையாகப் போகலாம். ஒவ்வொருவருக்கும் மூன்று கேள்வி: மீட்பு எப்படி, திருச்சபைக்குத் தலைவர் யார், அரசோடு உறவு என்ன. ஒரே தாளில் அட்டவணை போட்டால் குழப்பம் வராது.

வரைபடத்தை விட்டுவிடாதீர்கள். 1500, 1648, 1815 மூன்றையும் வெற்றுத் தாளில் கையால் வரையட்டும். அழகு முக்கியமில்லை. ரைன், டான்யூப், எல்பே ஆறுகள், பாஸ்பரஸ் நீரிணை, ஹாப்ஸ்பர்க் (ஐந்தாம் சார்லஸின் வம்சம்) நிலங்கள், ஒட்டோமான் எல்லை, போலந்து ஆகியவை இருந்தால் போதும். இதைச் செய்யாத பிள்ளைகள் 16ஆம் நூற்றாண்டுக் கட்டுரையில் 'ஜெர்மனி நாடு முடிவெடுத்தது' என்று எழுதுவார்கள். இத்தாலி ராஜ்ஜியம் அறிவிக்கப்பட்டது 1861இல், ஜெர்மன் பேரரசு 1871இல். அதற்கு முன் அங்கே இருந்தவை நூற்றுக்கணக்கான சிற்றரசுகளும் நகரங்களும்.

ஊர்ப் பெயர் ஏதாவது மனதில் ஒட்ட வேண்டுமென்றால் நமக்கும் பிடி இருக்கிறது. ஏழாண்டுப் போர் ஐரோப்பாவில் மட்டும் நடக்கவில்லை. 1760இல் வந்தவாசியில் பிரெஞ்சுப் படை தோற்றது, அடுத்த ஆண்டு ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. அந்தப் போரை முடித்த 1763 பாரிஸ் உடன்படிக்கையைப் படிக்கும்போது இதைச் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள். பிரிட்டன்–பிரான்ஸ் வணிகப் போட்டி பற்றிய கட்டுரையில் இது செல்லுபடியாகும் சான்று. தாய்மொழி வேதாகமமும் அச்சும் பற்றிப் படிக்கும்போது தரங்கம்பாடியைச் சொல்லலாம். டேனிஷ் அரசர் அனுப்பிய லூத்தரன் போதகர் சீகன்பால்க் 1706இல் வந்து இறங்கினார், அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அங்கே தமிழில் அச்சாகி முடிந்தது.

பழைய_கடுதாசி

டிபிக்யூவை இப்போதே தொடலாம், தொட வேண்டும். ஆனால் முழுதாக அல்ல.

ஏழு ஆவணம், ஏழு மதிப்பெண். மையக் கருத்துக்கு 1, பின்னணிக்கு 1, ஆவணச் சான்றுக்கு 2, ஆவணத்துக்கு வெளியே இருந்து கொண்டுவரும் சான்றுக்கு 1, ஆவணத்தின் மூலத்தை ஆராய்வதற்கு 1, சிக்கலான புரிதலுக்கு 1. குறைந்தது நான்கு ஆவணத்தையாவது உங்கள் வாதத்துக்குத் துணையாகப் பயன்படுத்தினால்தான் சான்றுக்கான இரண்டும் கிடைக்கும். கடைசி மதிப்பெண்ணைப் பற்றிக் கோடையில் யோசிக்கவே வேண்டாம்.

பிள்ளைகள் இழப்பது பெரும்பாலும் மையக் கருத்திலும் மூல ஆய்விலும்தான். முப்பதாண்டுப் போர் சமயப் போரா, அரசியல் போரா என்று கேள்வி என்று வையுங்கள். 'சமயம், அரசியல் இரண்டுமே காரணம்' என்று எழுதினால் மதிப்பெண் இல்லை, ஏனென்றால் அதில் வாதமே இல்லை. இப்படி எழுதினால் உண்டு: '1618இல் போஹேமியாவில் புராட்டஸ்டன்ட் உரிமைக்கான எழுச்சியாகத் தொடங்கினாலும், 1635இல் கத்தோலிக்கப் பிரான்ஸ் லூத்தரன் ஸ்வீடனின் பக்கம் நேரடியாகப் போரில் இறங்கியபின், ஹாப்ஸ்பர்க் வம்சத்தின் பலத்தை முறிப்பதே போரின் முதன்மை நோக்கமாயிற்று.' எதிலிருந்து எதற்கு மாறியது, எப்போது, எதை வைத்துச் சொல்கிறோம் என்று மூன்றும் அதில் இருக்கிறது.

மூல ஆய்வுக்கு 1525 விவசாயிகள் எழுச்சியை எடுங்கள். மெம்மிங்கனில் உருவான விவசாயிகளின் பன்னிரண்டு கோரிக்கைகள் சில பக்கம்தான். போதகரைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமை, பண்ணையடிமை ஒழிப்பு, காட்டிலும் ஆற்றிலும் உரிமை எல்லாவற்றையும் வேதாகமத்தைக் காட்டிக் கேட்கிறார்கள். அதே ஆண்டு லூத்தர் எழுதிய துண்டுநூல், விவசாயிகளை இரக்கமில்லாமல் அடக்கும்படி இளவரசர்களைத் தூண்டுகிறது. 'லூத்தர் ஒரு சீர்திருத்தவாதி, அதனால் ஒருதலைப்பட்சமானவர்' என்று மகள் எழுதினால் பூஜ்ஜியம். 'வோர்ம்ஸுக்குப் பின் லூத்தரின் உயிரைக் காத்தது சாக்சனி இளவரசரின் ஆதரவு. சீர்திருத்தம் கலகம் என்று பெயரெடுத்தால் அந்த ஆதரவு போய்விடும் என்பதால் இவ்வளவு கடுமை. சமய மாற்றம் சமூக மாற்றமாக வளராமல் நின்றதற்கு இது ஒரு காரணம்' என்று எழுதினால் மதிப்பெண். கடைசி வாக்கியம்தான் முக்கியம், ஆவணத்தை வாதத்தோடு முடிச்சுப் போடுவது அதுதான். இரண்டு ஆவணத்துக்கு இப்படிச் செய்தால் போதும்.

வாரம் ஒன்று என்று மூல ஆவணம் எடுங்கள். நான்ட் அரசாணை (1598), இங்கிலாந்தின் உரிமைச் சட்டம் (1689), பிரான்சின் மனித உரிமைப் பிரகடனம் (1789), ஒலிம்ப் தெ கூஜ் எழுதிய பெண்ணுரிமைப் பிரகடனம் (1791). ஃபோர்டாம் பல்கலைக்கழகத்தின் வரலாற்று மூலத் தொகுப்பிலும் யேல் பல்கலைக்கழகத்தின் அவலான் தளத்திலும் தேடுங்கள், இரண்டும் இலவசம். யார், யாரிடம், எப்போது, எதற்காக என்று நான்கு வரி, பிறகு 'ஆகவே' என்று தொடங்கி ஒரு வரி. இருபது நிமிடம் போதும்.

முந்தைய ஆண்டுகளின் கட்டுரை வினாக்கள், மதிப்பீட்டு விதி, மாணவர்களின் மாதிரி விடைகள் எல்லாம் ஏபி தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு அமைப்பின் தளத்தில் திறந்தே கிடக்கின்றன. மாதிரி விடைகளில் நல்லதும் மோசமானதும் இருக்கும். மகள் தானே மதிப்பெண் போட்டுவிட்டு, அவர்கள் போட்டதோடு ஒப்பிடட்டும். பழைய ஆண்டுகளின் மதிப்பீட்டு விதியைப் பயன்படுத்த வேண்டாம், 2024 முதல் உள்ளவற்றை மட்டும் எடுங்கள். முன்பெல்லாம் மூல ஆய்வுக்கு மூன்று ஆவணம் கேட்டார்கள், இப்போது இரண்டு.

2025 முதல் தேர்வு காலேஜ் போர்டின் ப்ளூபுக் செயலியில் தட்டச்சில்தான். இந்தப் பயிற்சி எல்லாமே கணினியில் இருக்கட்டும்.

எடிசன்_அம்மா

மூவருக்கும் மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்? அவள் காணொளி பார்க்கிறேன் என்கிறாள், புத்தகம் வேண்டாம் என்கிறாள்.

குடந்தையான்

வாரம் நான்கு நாள், நாளுக்கு 45 நிமிடம். அதற்கு மேல் இழுத்தால் ஆகஸ்டில் வெறுத்துவிடுவாள்.

காணொளி கெடுதல் இல்லை. ஆனால் வகுப்பில் ஒரு அத்தியாயத்துக்கு முப்பது, நாற்பது பக்கம் படிக்கச் சொல்வார்கள், அந்தப் பழக்கம் காணொளியில் வராது. முதலில் பதினைந்து நிமிடக் காணொளி, அடுத்த நாள் அதே பகுதியைப் புத்தகத்தில் பத்துப் பக்கம். படிக்குமுன் உள்தலைப்புகளையும் கடைசிப் பத்தியையும் பார்த்துவிடட்டும். படித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு ஐந்து வரி: என்ன நடந்தது, ஏன், அதனால் யாருக்கு லாபம், யாருக்கு நட்டம். மஞ்சள் மையால் பக்கம் முழுவதும் கோடு போடுவது படித்த மாதிரி தோன்றும், மறுநாள் ஒன்றும் நிற்காது.

முதல் வாரம் தேன்மொழி சொன்ன திருச்சபைப் பாடமும் 1500 வரைபடமும். இரண்டிலிருந்து ஐந்துவரை 1450 முதல் 1648. ஆறும் ஏழும் பதினான்காம் லூயி, இங்கிலாந்து நாடாளுமன்றம், ரஷ்யாவின் பீட்டர், அறிவியல் புரட்சி, அறிவொளி இயக்கம். எட்டு, ஒன்பது பிரெஞ்சுப் புரட்சியும் நெப்போலியனும். பத்தாவது வாரம் பள்ளி கொடுத்த வேலையை மறுபடி பார்க்க.

ஆண்டுகளில் 1453 (கான்ஸ்டான்டிநோபிள் வீழ்ச்சி), 1492 (கொலம்பஸ் பயணம்), 1517 (லூத்தர்), 1555 (ஆக்ஸ்பர்க்), 1598 (நான்ட்), 1648 (முப்பதாண்டுப் போர் முடிவு), 1688 (இங்கிலாந்தில் அரசர் மாற்றிய புரட்சி), 1789 (பிரெஞ்சுப் புரட்சி), 1799 (நெப்போலியன் ஆட்சியைப் பிடித்தது), 1815 (அவரது இறுதித் தோல்வி) ஆகிய பத்தும் தெரிந்தால் போதும். மற்றவற்றை 'இதற்கு முன்னா, பின்னா' என்று இவற்றோடு சேர்த்து வைத்துக்கொள்ளலாம்.

தேன்மொழி

ஓவியத்தையும் கொஞ்சம் பாருங்கள் அக்கா, கொள்குறி வினாவில் வரும். ரஃபேல், காரவாஜியோ, டாவிட், கோயா நால்வரின் ஓவியம் ஒவ்வொன்றை அடுத்தடுத்து வைத்து, எதை யாருக்காக வரைந்தார்கள், அந்தக் காலம் எதை உயர்வாக நினைத்தது என்று பேசினால் போதும். இதற்கு வரலாறு படித்திருக்க வேண்டியதில்லை, நீங்களே அவளோடு உட்காரலாம்.

பழைய_கடுதாசி

ஆகஸ்ட் கடைசியில் ஒரு முறை மட்டும் முழு டிபிக்யூ, 60 நிமிடம் கடிகாரம் வைத்து. தலைப்பு 1600 முதல் 1815க்குள் அவள் படித்த பகுதியாகப் பார்த்து எடுங்கள். மூன்று, நான்கு மதிப்பெண் வந்தால் அந்தக் கட்டத்தில் நல்ல மதிப்பெண்தான். நேரம் போதவில்லை என்றால் பெரும்பாலும் முன்னுரை நீண்டிருக்கும். பின்னணிக்கு மூன்று நான்கு வாக்கியம், மையக் கருத்துக்கு ஒன்று, அதோடு ஆவணத்துக்குப் போய்விட வேண்டும்.