மறு: ஹைட்ராலிக் ராம் பம்புக்குத் தமிழில் என்ன பெயர்?

நண்பர்களுக்கு வணக்கம்.

இழையை முழுக்கப் படித்துவிட்டு எழுதுகிறேன். ஊற்றுநீரை வீட்டுக்குக் கொண்டுவரும் பம்பு வகைகளைப் பற்றிய கையேட்டுக்கு ஐந்தாறு சொல் கேட்டிருந்தார்கள். நாம் ஹைட்ராலிக் ராம் பம்பு என்ற ஒரே சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறோம். பரவாயில்லை, நிற்க வேண்டிய இடம்தான். மற்றவற்றில் பெரிய வம்பு இல்லை: சப்மெர்சிபிளை நீர்மூழ்கி பம்பு என்றே எல்லோரும் எழுதுகிறார்கள், சென்ட்ரிஃபியூகல் மையவிலக்கு பம்பு, பிரஷர் டேங்க் அழுத்தத் தொட்டி.

> பம்பு என்று ஏன் எழுத வேண்டும்? எக்கி என்ற நல்ல சொல் இருக்கிறதே.

இருக்கிறது, நானும் எழுதியிருக்கிறேன். ஆனால் கையேட்டைப் படித்துவிட்டுக் கடைக்குப் போகிறவர் பம்பு என்றுதான் கேட்கப் போகிறார். தனியாக நிற்கும் இடத்தில் பம்பே இருக்கட்டும்.

சரி, ராமுக்கு வருவோம். பெயர் வைப்பதற்கு முன் அந்தக் கருவி என்ன செய்கிறது என்பதை ஒருமுறை பார்த்துவிடலாம். இழையில் வந்த பாதிப் பரிந்துரைகள் அதைப் பார்க்காமலே வந்தவை போலத் தெரிகின்றன.

ஊற்று ஓரிடத்தில் இருக்கிறது. கருவி அதைவிடத் தாழ்வில், வீடு ஊற்றைவிட மேட்டில். ஊற்றிலிருந்து இரும்புக் குழாய் வழியாகத் தண்ணீர் இறங்கிவந்து, கருவியில் திறந்திருக்கும் வால்வு வழியே வெளியே கொட்டுகிறது. ஓட்டம் வேகம் பிடிக்கப் பிடிக்க, அந்த வேகமே வால்வை இழுத்துச் சாத்திவிடுகிறது. ஓடிவந்த நீருக்குச் சட்டென்று வழி அடைபடுவதால் அழுத்தம் எகிறுகிறது. அந்த அழுத்தம் அடுத்திருக்கும் ஒருவழி வால்வைத் திறந்து, கொஞ்சம் தண்ணீரைக் காற்றறைக்குள் தள்ளுகிறது. அங்கே நெருக்குண்ட காற்று அதை மேட்டுக்கு அனுப்புகிறது. அழுத்தம் தணிந்ததும் முதல் வால்வு தன் எடையாலேயே விழுந்து திறக்க, மறுபடி ஓட்டம், மறுபடி மோதல். டக், டக் என்று நிமிடத்துக்கு ஐம்பது அறுபது தடவை, இரவு பகலாக. மின்சாரமும் இல்லை, எண்ணெயும் இல்லை.

சும்மா கிடைப்பதில்லை, வந்த தண்ணீரில் பெரும்பகுதியை வெளியே விட்டாக வேண்டும். கருவிக்கு நிமிடத்துக்கு 20 லிட்டர் வருகிறது, 2 மீட்டர் இறங்கி வருகிறது, கருவியிலிருந்து 14 மீட்டர் மேலே ஏற்ற வேண்டும் என்று வையுங்கள். 60 சதவீதத் திறன் என்று போட்டால் மேலே போவது நிமிடத்துக்கு 1.7 லிட்டர்தான். அற்பமாகத் தெரியும். ஆனால் நிற்காமல் ஓடுவதால் நாளுக்கு 2,400 லிட்டர் சேர்ந்துவிடும். ஒரு வீட்டுக்கு அது தாராளம்.

> தானியங்கி நீரேற்றி என்று வைத்தால் எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வேறு எதையோ புரிந்துகொள்வார்கள். பிரஷர் சுவிட்ச் வைத்த மின்பம்பும் தானாகத்தான் ஓடி நிற்கிறது. நீரேற்று நிலையம் என்றால் ஊருக்கே தண்ணீர் அனுப்பும் இடம். இரண்டும் சேர்ந்தால் இந்தக் கருவியைத் தவிர மற்ற எல்லாம் நினைவுக்கு வரும்.

> ராம் என்றால் ஆட்டுக்கடா. தகர் என்ற பழஞ்சொல்லை எடுத்துத் தகரெக்கி எனலாம்.

அழகான பரிந்துரை. மூலத்துக்கும் நியாயம் செய்கிறது. 1772இல் இங்கிலாந்தில் ஜான் ஒயிட்ஹர்ஸ்ட் செய்த கருவியில் குழாயைக் கையால் திறந்து மூட வேண்டியிருந்தது. 1796இல் பிரான்சில் ஜோசப் மோங்கோல்ஃபியே (வெப்பக்காற்று பலூன் விட்ட சகோதரர்களில் ஒருவர்) தன் காகித ஆலைக்காக அதைத் தானே மூடித் திறக்கும்படி மாற்றினார். அதற்கு பிரெஞ்சில் வந்த பெயர் பெலியே. ஆட்டுக்கடாவும் அதுதான், கோட்டைக் கதவை முட்டி உடைக்கும் மரமும் அதுதான். தாக்குவதற்காகப் பின்வாங்கும் 'பொருதகர்' திருக்குறளிலேயே (486) இருப்பதால் சொல்லுக்கு ஆதாரமும் பலமானது.

இருந்தும் எனக்கு ஒப்பவில்லை. இன்றைக்குத் தகர் என்றால் காதில் விழுவது தகர்ப்பதும் தகரமும். தகரெக்கியைத் தகரத்தில் செய்த பம்பு என்று ஒருவர் எடுத்துக்கொண்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. ஹைட்ராலிக் ராம் என்பது ஜாக்கியில் எண்ணெய் அழுத்தத்தால் நீண்டு வரும் உருளைத் தண்டுக்கும் பெயர். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆங்கிலக்காரர்கள் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு சமாளிக்கிறார்கள். கடாவைப் பிடித்துக்கொண்டு போனால் அந்தச் சிக்கலையும் சேர்த்து இறக்குமதி செய்கிறோம்.

ஆகவே உருவத்தை விட்டுச் செயலுக்குப் பெயர் வைப்போம். என் பரிந்துரை மோதேற்றி. மோதி ஏற்றுவது, அவ்வளவுதான். குழாயைப் பட்டென்று மூடினால் சுவருக்குள் 'டம்' என்று கேட்கிறதே, அதை நீர்மோதல் என்று வைத்துக்கொண்டால் இரண்டும் ஒரே குடும்பம் என்பது படிக்கும்போதே தெரிந்துவிடும். வீட்டுக் குழாயில் தொல்லையாக இருப்பதுதான் இங்கே வேலை செய்கிறது. நீர்ச்சம்மட்டி ஏற்றி என்று ஒருவர் எழுதியிருந்தார்; கருத்து இதேதான், ஆனால் வாயில் நுழைவதற்குள் தொட்டி நிரம்பிவிடும்.

மோதெக்கி ஏன் கூடாது என்று அடுத்த மடல் வரும், தெரியும். எக்கி என்றதும் பலருக்கு உறிஞ்சுவது நினைவில் வருகிறது. மேலே வைத்துத் தண்ணீரை உறிஞ்சும் பம்புக்கு ஓர் எல்லை உண்டு: கணக்குப்படி 10.3 மீட்டர், நடைமுறையில் ஆறேழு மீட்டர் ஆழத்துக்குமேல் எடுக்காது. கையேட்டில் இதை அழுத்திச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் தவறான பம்பை வாங்குவதே பெரும்பாலும் இங்கேதான். மோதேற்றி எதையும் உறிஞ்சுவதில்லை. ஊற்றுக்குக் கீழே உட்கார்ந்தால்தான் அதற்கு வாழ்வு. அதையும் எக்கி என்று சொன்னால் யாராவது ஊற்றுக்கு மேலே கொண்டுபோய் மாட்டிவைப்பார்கள். ஏற்றி என்பதில் அந்தக் குழப்பம் இல்லை. ஏற்றம் இறைத்த சொல்லும் கூடவே வருகிறது.

முதல் தடவை எழுதும்போது பக்கத்திலேயே ராம் பம்பு என்றும் போட்டுவிடுங்கள். கடைக்காரருக்கும் தெரிய வேண்டுமே.

உறுப்புகளுக்கு வந்தால், திறந்திருந்து நீரை வெளியே விடும் முதல் வால்வுக்குக் 'கழிவு வால்வு' என்று கையேட்டு வரைவில் இருப்பதை உடனே எடுத்துவிடுங்கள். கழிவுநீர் என்று படித்துப் பழகிய கண் சாக்கடையைத்தான் பார்க்கும். அதில் வெளியேறுவது அதே ஊற்றுநீர், ஓடைக்குத் திரும்பிப் போகிறது. அடி வால்வு என்றும் வேண்டாம், உறிஞ்சுகுழாயின் அடி நுனியில் மாட்டும் ஃபுட் வால்வு அந்தப் பெயரில் வந்து நிற்கும். மோது வால்வு எனலாம். மேலிருந்து வரும் குழாய் வரத்துக் குழாய், வீட்டுக்குப் போவது ஏற்றுகுழாய். வரத்துக் குழாய் இரும்பாக இருக்க வேண்டும் என்பதைக் கொட்டை எழுத்தில் போடவும்; நெகிழும் பிளாஸ்டிக் ஹோஸ் போட்டால் மோதலை அதுவே விழுங்கிவிடும், ஏற்றுவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

அப்புறம், நீரின் உயர வேறுபாட்டைக் குறிக்கும் ஆங்கில 'ஹெட்'டை அப்படியே பெயர்த்த 'தலை 2 மீட்டர்'. ஐயா, தயவுசெய்து! விழும் உயரம், ஏறும் உயரம் என்று இரண்டாகப் பிரித்து எழுதினால் கணக்கும் தானாகவே புரிந்துவிடும்.

இன்னொன்று, வரைவின் முதல் பக்கத்திலேயே சொல்ல வேண்டியது: ஊற்று வீட்டைவிட மேட்டில் இருந்தால் எந்தப் பம்பும் தேவையில்லை. 10 மீட்டர் சரிவு கிட்டத்தட்ட 1 பார் அழுத்தம் தரும். குளியலறைக் குழாய்க்கு அது ஓரளவு போதும். அதற்குப் புதுச்சொல்லும் வேண்டாம், குழாய் மட்டும் வேண்டும்.

எனக்குச் சொல் அகப்படாத உறுப்பு ஒன்று இருக்கிறது. ஒருவழி வால்வுக்குச் சற்றுக் கீழே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவில் ஒரு துளை. ஒவ்வொரு மோதலுக்குப் பிறகும் அது துளி காற்றை உள்ளே இழுக்கும். காற்றறைக் காற்று கொஞ்சம் கொஞ்சமாக நீரில் கரைந்து போவதை அதுதான் ஈடுகட்டுகிறது. அது அடைத்துக்கொண்டால் அறை முழுக்க நீர் நிரம்பி, ஒவ்வொரு மோதலும் நேராக இரும்பிலேயே விழும். குழாய் விரிசல் விடக்கூடும். ஆங்கிலத்தில் ஸ்னிஃப்டர். மூச்சுத்துளை என்று எழுதலாமா, அல்லது காற்றிழு துளையா? மூச்சு என்றால் வெளியே விடுவதும் சேர்ந்துகொள்கிறதே என்று யோசிக்கிறேன். மோதலின்போது அதிலிருந்து நீரும் கொஞ்சம் பீச்சியடிக்கும், ஆகவே தவறில்லையோ என்றும் தோன்றுகிறது. சொல்லுங்கள்.